வருஷந்தோறும் ஒரு மாயத் தொகுதி

1988ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்துச் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம், அதற்கு முந்திய ஆண்டில் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் நூல்களிலும் வெளியான மாயக் கதைகளுள் சிறந்தவை இவையென்று எல்லன் டாட்லோ, டெர்ரி வின்ட்லிங் என்னும் இரு பெண்மணிகள் பொறுக்கியெடுத்தவற்றை ஒரே தடித்த புஸ்தகமாக அச்சிட்டு வெளியிட்டது. 'இவ்வாண்டின் சிறந்த மாயக் கதைகள்' என்று பொருள்படும் பெயரோடு தொடங்கிய அவ்வரிசை, மூன்றாவது தொகுதியில் திகில் கதைகளையும் தலைப்பிலேயே ஏற்றுக்கொண்டு, 2008 வரையில் வருஷம் தவறாமல் 21 தொகுதிகளாக நீண்டது. பதினாறு தொகுதிகளோடு வின்ட்லிங் விலகிக்கொள்ள, 2004 முதல் கெல்லி லிங்க், கேவின் கிராண்ட் தம்பதியர் அவருடைய பொறுப்பை ஏற்றனர். டாட்லோ மட்டும் முதலிலிருந்து முடிவுவரை இருந்தார். மேனாட்டில் இத்தகைய ஆண்டுத் தொகுதிகள் அபூர்வமானவையல்ல. ஆயினும் மலாக்கா மாநிலத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி, அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்த லூபோக் சீனா என்னும் சிற்றூரில் இருந்துகொண்டு இவற்றைப் படிக்கும் தமிழ் வாசகனுக்கு, இந்நூல்கள் கதைகளைக் கொடுப்பதோடு நில்லாமல், தன் சொந்த இலக்கியத்தைப் பற்றிச் சில சங்கடமான கேள்விகளையும் எழுப்பிவிடுகின்றன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வரிசையில் ஏதேனும் ஒரு தொகுதியைப் பிரித்தால் கதை உடனே தொடங்கிவிடுவதில்லை. அந்த ஆண்டில் மாய இலக்கியம் எவ்விதம் நடந்தது, எந்த நாவல்கள் கவனத்துக்குரியவை, எந்தச் சிறு பத்திரிகை நின்றுபோயிற்று, எந்த மொழிபெயர்ப்பு புதிதாக வந்தது என்று வின்ட்லிங் விஸ்தாரமாக எழுதிய மதிப்பீடு முதலில் வரும். அடுத்துத் திகில் இலக்கியத்தைப் பற்றி டாட்லோ எழுதியது. அதன் பின் திரைப்படம், சித்திரக்கதை முதலியவற்றைப் பற்றிய குறிப்புகளும், அவ்வருஷத்தில் காலமான எழுத்தாளர்களைப் பற்றிய நினைவுரைகளும் வரும். இவ்வளவும் ரோமன் எண்ணிட்ட பக்கங்களில் முடிந்த பிறகே கதைகள். ஒவ்வொரு கதையின் தலையிலும் அதை எழுதியவர் யார், எங்கே முதலில் வெளிவந்தது, ஏன் இங்கே இடம் பெற்றது என்று ஒரு சிறு முகவுரை உண்டு. கடைசியில், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக ஒரு பட்டியல்: சேர்க்க இடமில்லாவிட்டாலும் நினைவில் கொள்ளத்தக்கவை என்று தொகுப்பாசிரியர்கள் கருதிய கதைகளின் பெயர், ஆசிரியர் பெயர், வெளிவந்த இடம்.

முதன்முறை படிப்பவன் முன்பக்கங்களையும் பின்பக்கங்களையும் தாண்டிவிட்டுக் கதைக்குள் போய்விடுவான். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாறு தொகுதிகளை அடுத்தடுத்துப் படித்துவிட்டவனுக்கு, கதைகளுள் பாதி மறந்துபோனாலும், அந்த முன்பக்கங்களும் பின்பக்கங்களும் மனத்தில் நின்றுவிடுகின்றன. தனியொரு தொகுதியில் தொகுப்பாசிரியரின் ரசனையை நாம் அநேகமாகக் காண்பதில்லை. கதைகளே கண்ணை மறைத்துவிடுகின்றன. அதே கை வருஷந்தோறும் தேர்ந்தெடுக்கும்போது, எது மாயக் கதை, எது அல்ல என்று வேலி எங்கே போடப்படுகிறது, அவ்வேலி எந்த ஆண்டில் எந்தப் பக்கம் நகர்த்தப்படுகிறது என்பது படிப்படியாகத் துலங்குகிறது. நாட்டார் கதையிலும் தேவதைக் கதை மரபிலும் ஊறியவர் வின்ட்லிங். வாளும் கோட்டையும் மந்திரவாதியும் நிறைந்த நெடுங்கதைகளே மாய இலக்கியம் என்று புஸ்தகக் கடைகள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அவர் கவிதைகளையும் சேர்த்தார். மாயம் என்ற முத்திரையே இல்லாத இலக்கியப் பத்திரிகைகளில் தேடினார். கிழவிகள் சொல்லும் கதையைப் பெரியவர்களுக்காகத் திரும்ப எழுதிய எழுத்தாளர்களை ஆண்டுதோறும் முன்னிறுத்தினார். 1993இல் அவரும் டாட்லோவும் சேர்ந்து, பழைய தேவதைக் கதைகளைப் புதிதாக எழுதச்செய்து ஒரு தனித் தொகுப்பு வரிசையையே தொடங்கியது இந்த ரசனையிலிருந்து கிளைத்த காரியம். ஆக, ஆண்டுத் தொகுதி நடந்து முடிந்த இலக்கியத்தைப் பதிவு செய்வதோடு, வரப்போகும் இலக்கியத்தையும் ஓரளவு உண்டாக்கிவிடுகிறது.

இவ்வுண்மை விளங்க வேண்டுமானால், இதே பொருளில் இவர்களுக்கு முன் நடந்த வரிசை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். டா புக்ஸ் என்னும் பதிப்பகம் 1975 முதல் 1988 வரை 14 ஆண்டுத் தொகுதிகளை வெளியிட்டது. முதல் ஆறுக்கு லின் கார்ட்டரும், பின்னவற்றுக்கு ஆர்தர் சாஹாவும் ஆசிரியர்கள். கார்ட்டருக்கு வீரவாளும் மந்திரமும் கலந்த சாகஸக் கதைகளின் மேல் தீராத மோகம். அவருடைய தொகுதிகளில் மாயலோகம் என்பது பெரும்பாலும் பழைய காலத்து வேற்றுலகமே. தம் தொகுதிகளில் தம்முடைய கதைகளையும் 'ஆண்டின் சிறந்தவை'யாகச் சேர்த்துக்கொள்ள அவர் கூசவில்லை. நம் ஊர்க் கவியரங்கத் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இராது. அவருடைய தொகுதியையும் வின்ட்லிங்கின் தொகுதியையும் அருகருகே வைத்துப் படித்தால், இரண்டும் ஒரே இலக்கிய வகையைப் பற்றியவைதானா என்ற ஐயமே எழும். இலக்கியம் அதற்குள் அவ்வளவு மாறிவிடவில்லை. தேர்ந்தெடுத்த கண் மாறியது.

தேர்வின் இந்தப் பட்சபாதத்தைத் தவிர்க்கப் பலரும் பலவிதமாக முயன்றிருக்கின்றனர். 1915இல் அமெரிக்கச் சிறுகதைகளின் ஆண்டுத் தொகுதியைத் தொடங்கிய எட்வர்ட் ஓ'பிரையன், பத்திரிகைகளில் வந்த கதைகளை நட்சத்திரக் குறியிட்டுத் தரம் பிரித்து நூலின் பின்னே அடுக்கினார். அந்தப் பரம்பரையில் 2015இல் தோன்றிய விஞ்ஞான, மாயக் கதைத் தொகுதியிலோ, வரிசையின் ஆசிரியர் ஜான் ஜோசப் ஆடம்ஸ் ஆண்டு முழுவதும் படித்து 80 கதைகளைத் தேர்ந்து, எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, அவ்வாண்டின் விருந்தாசிரியரிடம் கொடுக்கிறார். அவர் அவற்றுள் 20ஐ எடுக்கிறார். பெயரை மறைப்பதால் முகதாட்சணியம் ஒழியும், ரசனை ஒழியாது. ரசனையை ஒழிக்க வழியில்லை. அது இன்னதென்று வெளிப்படையாக எழுதிவைப்பது ஒன்றே நேர்மையான உபாயம். டாட்லோவும் வின்ட்லிங்கும் செய்தது அதுதான்.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் ஆண்டுத் தொகுதி என்ற ஏற்பாடு இல்லாமற் போகவில்லை. 1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை என்னும் அமைப்பு, மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த கதைகளுள் ஒன்றைத் தேர்ந்து, அவ்விதம் சேர்ந்த பன்னிரண்டில் ஒன்றை ஆண்டின் சிறந்ததாக அறிவித்து, எல்லாவற்றையும் நூலாக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை எண்பதுகளிலிருந்து நடத்திவரும் சிறுகதைப் போட்டியும், அதில் தேறிய கதைகளைத் திரட்டிய 'பேரவைக் கதைகள்' வரிசையும் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையின் தொடர்ச்சிக்கு ஆதாரமானவை. மாணவர் பிரிவில் பரிசு பெற்றவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களாக நிலைத்திருக்கின்றனர். சை. பீர்முகம்மது 1999இல் தொடங்கி மூன்று பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்த 'வேரும் வாழ்வும்' ஆண்டுத் தொகுதியன்று. எனினும் நெடுங்காலத்துக் கதைகளை வாரிச் சேர்க்க முயன்ற உழைப்பு அது. இவற்றையெல்லாம் ஒரு சேரப் படித்துப் பார்க்கும்போது கண்ணில் படுவது ஒன்று: கதைகள் மிகப் பெரும்பாலும் யதார்த்தக் கதைகள். குடும்பம், வறுமை, சாதி, குடி, கல்வி, தோட்டம், பட்டணம். மாயம் எப்போதாவது ஒரு கனவாகவோ குறியீடாகவோ வந்து, கதாநாயகன் விழித்துக்கொண்டவுடன் மறைந்துவிடுகிறது.

மலேசியத் தமிழ்க் கதை இப்படி யதார்த்தத்தைப் பற்றிக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை எளிதாக உதறிவிட முடியாது. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தி, பால்மரம் வெட்டிக்கொண்டும் கடையில் கணக்கெழுதிக்கொண்டும் இருந்த இளைஞர்களுக்குச் சிறுகதை எழுதப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்து ஐம்பதுகளின் பெரும்பகுதியைக் கோலாலம்பூரில் கழித்த கு. அழகிரிசாமி, எளிய மனிதரின் வாழ்வை எளிய நடையில் சொல்வதற்குத் தாமே முன்மாதிரியாக இருந்தார். தமிழகத்தைப் பார்த்து எழுதிய கற்பனையை விட்டுவிட்டு, இந்த மண்ணின் வாழ்வை எழுது என்பதே அக்காலத்து அறிவுரை. அவ்வாழ்வோ, எழுதினால்தான் உண்டென்று ஏற்கப்படும் நிலையில் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, 1969க்குப் பின் குடியுரிமையில்லாதோர் வேலை பெர்மிட்டுக்கு அலைந்தனர், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. தன் ஜனங்களின் துயரத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவன் பேய்க்கதை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்று அக்கால எழுத்தாளன் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. போட்டி நடுவர்களும் அதே தலைமுறையினர். தாங்கள் மதித்ததற்கே பரிசு கொடுத்தனர். பரிசு பெற்ற கதைகளே தொகுதியாயின. அத்தொகுதிகளைப் படித்து எழுத வந்த அடுத்த தலைமுறை, கதையென்றால் இதுதான் என்று எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்த ஜனங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகள் வேறு. மலாக்காவில் 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபாரப் பயிராக நட்டபோது தொடங்கியது தோட்ட யுகம். காடாக இருந்த நிலம் இரண்டு தலைமுறைக்குள் தோட்டமாயிற்று. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குக் கூடி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு, அந்த இருட்டு காலியானதாகத் தோன்றவில்லை. தோட்டத்து எல்லையில் முனியாண்டி நின்றார். மலாய்க் கம்பத்துப் பிள்ளைகளோடு பழகிய தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரசவத்தில் இறந்து பேயான பொந்தியானாக்கையும், பணம் திருடிவர ஏவிவிடப்படும் தோயோல் என்னும் குட்டிச் சாத்தானையும் தெரியும். வயிற்றுவலி மருந்துக்கு நிற்காவிட்டால் பூசாரியிடம் போனவர்களே, அதற்கும் நிற்காவிட்டால் மலாய் மந்திரவாதியாகிய பொமோவிடம் போனார்கள். இரண்டு மொழி, இரண்டு சமயம், ஒரே பயம். இந்தச் சங்கமத்தைப் போன்றதொரு கதைச் சுரங்கம் தஞ்சாவூரில் கிடைக்காது, திருநெல்வேலியிலும் கிடைக்காது.

மலாக்காவின் பழைய நூலோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1612ஆம் ஆண்டையொட்டி துன் ஸ்ரீ லானாங் உருவாக்கியதாகக் கருதப்படும் 'செஜாரா மெலாயு', மலாய் அரச பரம்பரையின் வரலாறு. அதன் தொடக்கத்திலேயே தென்னிந்தியப் பேரரசன் ஒருவன் வருகிறான். சூலன் என்றும் சுரன் என்றும் பிரதிக்குப் பிரதி பெயர் மாறும் அவன், எண்ணற்ற சேனையோடு சீனத்தின் மீது படையெடுத்துக் கிளம்பித் தெமாசெக் என்னும் பழைய சிங்கப்பூர் வரை வந்துவிடுகிறான். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதன் நினைவு இக்கதையில் தங்கியிருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர். செய்தி கேட்டுக் கலங்கிய சீனத்துச் சக்கரவர்த்தி, படையை அனுப்பாமல் ஒரு மரக்கலத்தை அனுப்புகிறான். அதில் துருப்பிடித்துத் தேய்ந்த ஊசிகள்; காய்த்துப் பழுத்த மரங்கள்; பல்லெல்லாம் விழுந்த கிழவர்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று அரசனின் ஆட்கள் கேட்க, புறப்படும்போது நாங்கள் வாலிபர், இம்மரங்களை விதையாகக் கொண்டுவந்தோம், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன என்கிறார்கள் கிழவர்கள். அரசன் படையைத் திருப்பிவிடுகிறான். பிறகு, கடலின் அடியில் என்ன இருக்கிறதென்று அறிய ஆசைப்பட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்குள் இறங்கி, அங்கே ஒரு ராஜகுமாரியை மணந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று மீண்டு வருகிறான். அந்த வம்சத்தில்தான் மலாய் அரசர்கள் வருகிறார்களாம்.

இதே நூலில் குனோங் லேடாங் மலையின் இளவரசி வருகிறாள். மலாக்காவின் கடைசி சுல்தானாகிய மஹ்மூது அவளை மணம் பேச ஆளனுப்புகிறான். மலையேறிச் சென்ற தூதர்களுள் துன் மாமாட் ஒருவனே உச்சியை அடைகிறான். அவளைச் சேர்ந்த முதியவள் ஒருத்தி நிபந்தனைகளைச் சொல்கிறாள்: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு கொசு ஈரல், ஏழு தட்டு செள்ளுப்பூச்சி ஈரல், ஒரு தொட்டி இளம்பாக்கு நீர், ஒரு தொட்டி கண்ணீர், சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவன் மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். மற்றவை எல்லாம் ஆகும், இரத்தம் மட்டும் ஆகாது என்று சுல்தான் விட்டுவிடுகிறான். ஒரு பெண் 'முடியாது' என்று சொல்வதற்கு இவ்வளவு நயமான, இவ்வளவு கொடூரமான வழி எந்த நாட்டு மாயக் கதையிலும் மலிவாகக் கிடைப்பதில்லை. வின்ட்லிங் தேவதைக் கதைகளைப் புதிதாக எழுதச் செய்தாரே, அதுபோல இந்த இரண்டு கதைகளையும் ஒரு மலாக்காத் தமிழ் எழுத்தாளன் எடுத்து எழுதினால், அவன் யாருடைய சொத்தையும் கடன் வாங்கியவனாக மாட்டான். கண்ணாடிப் பெட்டியில் இறங்கியவன் அவனுடைய ஊர்க்காரன்.

தமிழில் புராணங்களும் இதிகாசங்களும் இருக்கையில் மாயக் கதைக்குத் தனி அலமாரி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியைப் புறக்கணிப்பதற்கில்லை. குணாட்டியரின் பிருகத்கதையும், அதன் வழிவந்த சோமதேவரின் கதாசரித்சாகரமும், கொங்குவேளிரின் பெருங்கதையும் நம்முடைய பூர்வீகச் சொத்துக்கள். வேதாளம் சொன்ன கதைகளை 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' மாதந்தோறும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. சங்கர் வரைந்த சித்திரத்தில், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தனைப் பார்த்திராத தமிழ்க் குழந்தை அந்நாளில் அபூர்வம். ஆனால் அந்தப் பெருமையே ஒரு தீங்கையும் செய்தது. மாயம் ஒன்று புராணத்துக்குரியது, இல்லாவிட்டால் குழந்தைகளுக்குரியது என்று தீர்மானமாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே, வளர்ந்த மனிதனுக்கான மாயக் கதை என்று ஒன்று இருப்பதை எடுத்துச் சொல்ல ஆண்டுத்தொகுதி எதுவும் வரவில்லை.

எடுத்துச் சொல்ல விஷயம் இருந்ததா என்றால், 1943ஆம் வருஷத்துக் 'கலைமக'ளைப் புரட்டிப் பார்க்கலாம். அவ்வருஷத் தொடக்கத்தில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' வந்தது. அதே வருஷக் கடைசியில் அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வந்தது. வீட்டுக்குள் வேலைக்காரியாக நுழைந்துவிட்ட ஏதோ ஒன்று ஒரு கதையில்; சென்னைத் தெருமுனையில் பிள்ளையைச் சந்தித்துக் காபி குடித்து, வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகும் கடவுள் மறு கதையில். ஒரே ஆசிரியர், ஒரே பத்திரிகை, ஒரே வருஷம். அந்நாளில் தமிழில் ஒரு வின்ட்லிங் இருந்து, 1943க்கான மாயத் தொகுதி ஒன்றைத் தொகுத்து, இவ்விரு கதைகளையும் அதில் வைத்து, பயத்தையும் பரிகாசத்தையும் ஒரே கூரையின் கீழ் ஏற்கும் ஒரு முன்னுரையையும் எழுதியிருந்தால், பின்வந்தவர்கள் அவற்றை ஒரு மேதையின் தனி விநோதங்களாகப் பாராட்டிவிட்டு ஒதுங்கியிருக்கமாட்டார்கள்; தொடரத்தக்க வழியொன்று இருப்பதாகக் கண்டிருப்பார்கள். கதை இருந்தும் வழி ஏற்படாமற்போனதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் மலேசியத் தமிழில் மாயக் கதைகளுக்கென்று தனி ஆண்டுத் தொகுதி நாளையே வேண்டும் என்று நான் வாதிக்கப்போவதில்லை. அதற்கு வேண்டிய பணமும் வாசகர் தொகையும் இந்நாட்டில் எளிதில் அமையக்கூடியவையல்ல. செலவில்லாத ஒரு காரியத்தை மட்டும் கேட்கிறேன். ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்தித் தொகுதி வெளியிடும் பேரவைகளும் சங்கங்களும், இனி வரும் தொகுதிகளில் வாழ்த்துரைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியைக் குறைத்துக்கொண்டு, முன்னே ஒரு நடுவரின் விரிவான மதிப்பீட்டையும், பின்னே பரிசு பெறாவிட்டாலும் குறிப்பிடத்தக்கதாக இருந்த கதைகளின் பட்டியலையும், அவை எதனால் விடப்பட்டன என்ற ஒரு வரியோடு சேர்த்து அச்சிட வேண்டும். பொந்தியானாக்கைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டு, பதிலொன்றும் வராமையால் அடுத்த ஆண்டு குடிகாரத் தந்தையைப் பற்றி எழுதி அனுப்பும் இளைஞனுக்கு, தன் முதற்கதையை ஒருவர் படித்தார் என்பதாவது தெரியட்டும்.